பாஷா சார் சொல்லாதது

அமீர் பாஷா சார் இறந்துபோன செய்தி ஒரு காலைப் பொழுதில் வந்தது. வேங்கிக்காலில் என் வீட்டுச் சமையலறையில் குக்கர் கத்திக்கொண்டிருந்ததால், தொலைபேசியில் நூர் அக்கா முதலில் சொன்னது காதில் விழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடி கேட்டேன். "மேகலா, உங்க சார் போயிட்டாரும்மா" என்றார். சாரின் மனைவி அவர். என்னிடம் பேசும்போதெல்லாம் "உங்க சார்" என்றுதான் சொல்வார். மனிதர் கல்லூரியிலேயே குடியிருந்துவிட்டு வீட்டுக்கு விருந்தாளியாக வந்துபோகிறார் என்று அவருக்கு ஒரு பழைய குறை. அன்று மதியத் தொழுகை முடிந்ததும் எடுத்துச் சென்றார்கள். பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம். அழுகை வந்தது. அதற்கு அந்த வாரக் கடைசி வரைதான் ஆயுள் இருந்தது. பிறகு வந்தது வேறு.

கல்லூரியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். மேடைக்குப் பின்னால் சாரின் படத்தோடு பெரிய பேனர். 'நமது மலையின் ஒளி ரகசியத்தை உலகுக்கு உணர்த்திய விஞ்ஞானி' என்று அச்சடித்திருந்தார்கள். கீழே பச்சை நிறத்தில், துருவப் பகுதிகளின் இரவு வானத்தில் தெரியும் துருவ ஒளி. அந்த ஒளிக்கு அடியில் யாரோ நம் மலையை ஒட்டவைத்திருந்தார்கள். தாளாளர் பேசினார், முதல்வர் பேசினார். செங்கம் ரோட்டில் தியானப் பயிலகம் நடத்துகிறவர் ஆளுயர மாலையோடு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருக்கு நான் செய்யக்கூடிய ஒரே கெடுதல் அதுதான். கணிதத் துறையிலிருந்து என்னையும் கூப்பிட்டார்கள். சார் பல வருடங்களுக்கு முன்னால் பேசிய இரண்டு வாக்கியங்களைச் சொல்லிவிட்டு இறங்கலாம் என்று போனேன். முதல் வாக்கியம் முடிவதற்குள் மைக் நின்றுவிட்டது. கரண்ட் போயிடுச்சு மேடம் என்றார்கள். என் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அதனால் இங்கே எழுதுகிறேன். சாரிடம் படித்தவர்களும், அவரோடு வேலை பார்த்தவர்களும், தேரடித் தெருவில் அவருடைய அப்பாவின் பாத்திரக் கடையில் குடமும் தவலையும் வாங்கியவர்களும் படிக்க வேண்டும். அந்தப் பேனரில் இருந்தது அவர் சொன்னது இல்லை. அதைச் சொல்ல மறுத்ததற்காகத்தான் அவரை முடக்கினார்கள்.

அவரை நான் சரியாக அறிந்தது எண்பத்தொன்பதில். கல்லூரியில் ஆசிரியையாகச் சேர்ந்து எனக்கு முதல் வருடம் முடியவில்லை. ஒரு மார்ச் மாதக் காலை, இயற்பியல் துறையிலிருந்து ஒருவர் செய்தித்தாளை மடித்துப் பிடித்துக்கொண்டு எங்கள் அறைக்கு வேகமாக வந்தார். "மேடம், கரண்ட் போயிருக்கு பாத்தீங்களா" என்றார். "நம்ம ஊர்ல தினமும்தானே சார் போவுது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. செய்தியைக் காட்டினார். கனடாவில் ஒரு மாகாணம் முழுக்க மின்சாரம் நின்றிருந்தது. வழக்கமாகத் துருவத்தை ஒட்டியே தெரியும் ஒளி, அதைக் கண்டே அறியாத தெற்குப் பகுதிகளிலும் வானத்தில் தெரிந்திருந்தது. "ரெண்டும் ஒரே காரணம். சூரியன்ல இருந்து கிளம்பின காத்து பூமியோட காந்தத்தப் போட்டு உலுக்கியிருக்கு. எனக்கு இதுல ஒரு கணக்கு போடணும். கணக்குல நான் கொஞ்சம் கம்மி. நீங்க வர்றீங்களா?" பெயரைக்கூட அவர் இன்னும் சொல்லவில்லை. நான் சரி என்றேன்.

என்ன கணக்கு என்று புரிய எனக்கு டிசம்பர் வரை ஆயிற்று. கார்த்திகைத் திருவிழாவில் தேர் ஓடும் நாள். வகுப்பு இல்லை. பாத்திரக் கடை வாசலில் சாரும் அவர் அண்ணனும் நின்று தேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடை திறந்த காலத்திலிருந்து அந்தக் குடும்பம் அங்கே நின்றுதான் தேர் பார்க்கிறது. நான் என் அம்மாவோடு போயிருந்தேன். சார் வடத்தைக் காட்டினார். "நல்லா பாருங்க மேடம். முன்னால நிக்கிறவங்க ஒரு வெட்டு வெட்டி இழுத்தா அந்த உதறல் வடத்தோட ஓடி வந்து பின்னால புடிச்சிருக்கிறவன தூக்குது பாருங்க. அங்கேருந்து ஆளு யாரும் இங்க வரல. உதறல் மட்டும்தான் வந்துச்சு."

பூமியின் காந்தப்புலக் கோடுகளை அந்த வடம்போல நினைத்துக்கொள்ளச் சொன்னார். சூரியனிலிருந்து மின்னேற்றம் கொண்ட துகள்கள் காற்றாக வீசிக்கொண்டே இருக்கின்றன. பிளாஸ்மா என்பது அதுதான். அந்தக் காற்று பூமியின் இரவுப் பக்கத்தில் காந்தக் கோடுகளை நீளமாக வால்போல இழுத்து வைக்கிறது. தாங்க முடியாத அளவுக்கு இழுபட்டதும் அவை சட்டென்று சுருங்குகின்றன. அந்த உதறல் கோடுகளின் வழியே அலையாகப் பூமியை நோக்கி ஓடி வருகிறது. வரும் வழியில் பெரிய அலை சிறு அலைகளாகவும், சிறு அலைகள் இன்னும் சிறியவையாகவும் உடைகின்றன. மதகைத் திறந்ததும் ஏரித் தண்ணீர் சுழித்துக்கொண்டு போவதைப்போன்ற கொந்தளிப்பு. அலை போதுமான அளவு சிறியதாகும்போது, கோட்டின் வழியே ஒரு மின்விசை அதில் உண்டாகிறது. எலக்ட்ரான்கள் அதைப் பிடித்துக்கொண்டு கீழே பாய்ந்து, நூறு கிலோமீட்டர் உயரத்தில் காற்றில் மோதுகின்றன. மோதப்பட்ட ஆக்சிஜன் பச்சையாக ஒளிர்கிறது.

எலக்ட்ரானை அந்தக் கடைசி இடத்தில் தள்ளுவது எது என்பதுதான் அப்போது தீராத கேள்வி. பாட்டரியில் இருப்பதுபோல நிலையான ஒரு மின்னழுத்தம் தள்ளுகிறது என்று பெரும்பாலானவர்கள் சொன்னார்கள். "எல்லா வெளிச்சமும் பாட்டரில எரியல மேடம். கொஞ்சம் வெளிச்சம் அலைலயே எரியுது. எவ்ளோன்னு காட்டணும்" என்பார் சார். அந்த 'எவ்வளவு'தான் எங்கள் கணக்கு.

இயற்பியல் கூடத்துக்குப் பின்னால் உடைந்த நாற்காலிகள் போட்டிருந்த அறையைக் கேட்டு வாங்கினார். கல்லூரிக்கு முதலில் வந்த கணினி, அலுவலகம் புதிது வாங்கியதும், அங்கே வந்தது. சாயங்காலங்களில் வேலை செய்தோம். அவர் பொறுமைசாலி என்று இரங்கல் கூட்டத்தில் சொன்னார்கள். அதுவும் பொய். நான் ஒரு படியைத் தாண்டி எழுதிவிட்டால் சாக்பீசை மேஜையில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வார். "அழகா இருக்குன்னு தள்ளிட்டுப் போயிடாதீங்க. அழகு எங்கயும் ஓடிடாது. மொதல்ல சரியான்னு பாருங்க" என்பார். எங்களுடைய முதல் கட்டுரை ஒரு வெளிநாட்டு இதழில் வந்தது. கொந்தளிப்புப் பகுதியை முழுதாகச் செய்து காட்டினால் இது முக்கியமான வேலையாக இருக்கும் என்று அதைப் பரிசீலித்தவர் குறிப்பு எழுதியிருந்தார். சார் அதை ஒருமுறை படித்தார். "செய்யலாமே" என்றார். வீட்டுக்குப் போக எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ஆசிரமம் பக்கத்தில் ஒரு விருந்தினர் இல்லத்தின் கூடத்தில் பேசச் சாரைக் கூப்பிட்டார்கள். அங்கே தங்கியிருந்த வெளிநாட்டினர் சிலருக்குத் துருவ ஒளி தங்கள் ஊரில் பார்த்துப் பழகியது. அடி அண்ணாமலையிலிருந்தும் டவுனிலிருந்தும் நம் ஆட்கள் நிறைய வந்திருந்தார்கள். சார் ஆங்கிலத்தில் கொஞ்சம், தமிழில் கொஞ்சம் என்று பேசினார். நார்வேக்கார அம்மாள் ஒருவர், சின்ன வயதிலிருந்து அந்த ஒளியைப் பார்த்திருப்பதாகவும், அது ஒரு அலையின் கடைசி என்று இன்றுதான் தெரிந்தது என்றும் சொன்னார். நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். "இல்லம்மா. போனதில்ல" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். அவ்வளவு மகிழ்ச்சியாக அவரை நான் மேடையில் பார்த்ததில்லை.

அப்போதுதான் பயிலகத்துக்காரர் எழுந்தார். நம் மலையைச் சுற்றியும் இதே பிளாஸ்மா அலைகள்தானே ஓடுகின்றன, அதைத்தானே பக்தர்கள் உணர்கிறார்கள், விஞ்ஞானி நீங்கள் அதைச் சொல்ல வேண்டும் என்றார். சார் கரும்பலகையில் பூமியை வரைந்தார். துருவத்தில் காந்தக் கோடுகள் தரையை நோக்கிச் செங்குத்தாக இறங்குகின்றன, அதனால் அங்கே எலக்ட்ரான்கள் இறங்க முடியும் என்று காட்டினார். நம் ஊர்ப் பக்கத்தில் அவை ஏறக்குறையப் படுத்துக்கிடக்கின்றன. "இங்க அது எறங்க வழியே இல்லைங்க" என்றார். பிறகு அந்த இரண்டு வாக்கியங்களைச் சொன்னார்: "மலையக் கும்பிடறவங்களுக்கு இந்தக் கணக்கு வேண்டியதில்ல. இந்தக் கணக்குக்கு மலை வேண்டியதில்ல."

கூடத்தில் யாரும் முகம் சுளிக்கவில்லை. பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிற என் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "கரெக்டா சொன்னாரு" என்றார்.

அடுத்த மாதம் பயிலகத்தின் நோட்டீஸ் கடைகளில் கிடந்தது. மலையின் பிளாஸ்மா அலைகளில் தியானம் செய்வதற்கான பயிற்சி. பேராசிரியர் அமீர் பாஷாவின் ஆய்வு இதை நிரூபித்துவிட்டதாம். சார் நேரே பயிலகத்துக்குப் போனார், நானும் போனேன். "என் பேரை எடுத்துடுங்க" என்றார். "உங்களுக்குப் பெருமைதானே பாய்" என்றார் அவர். "நான் சொல்லாதத சொன்னேன்னு போட்டிருக்கீங்க. அதுல பெருமை இன்னா இருக்கு?" என்று கேட்டார் சார். அவர் சிரித்துக்கொண்டே டீ குடிக்கச் சொன்னார். சார் குடிக்கவில்லை. அந்த வாரம் எல்லா வகுப்புகளிலும், நோட்டீஸில் இருப்பது தன் கருத்து இல்லை என்று சொன்னார். ஊருக்குள் பேச்சு பரவியது. பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்களில் சிலர் விலகிவிட்டார்களாம்.

அதற்குப் பிறகு பயிலகத்துக்காரருக்கு இரண்டாவது வாக்கியம் மட்டும் நினைவுக்கு வந்தது. அதிலும் பாதிதான். "மலை வேண்டியதில்லைன்னு ஒரு பாய் வாத்தியார் மேடையில பேசறாரு, உங்க காலேஜுல சம்பளம் வாங்கறாரு" என்று தாளாளரிடம் போய்ச் சொன்னார். சொல்லும்போது நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனார்.

தாளாளர் அறையில் விசாரணை. சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். சாரோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த கணேச குருக்களைக் கூப்பிடவில்லை. அவர் தானாக வந்தார். சார் பேசிய அந்தக் கூட்டத்தில் அவரும் இருந்தார். வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை.

"ரெண்டு வாக்கியம் சொன்னான். ஒண்ண மட்டும் ஏன் எடுத்தீங்க? அதுலயும் முன்னால இருக்கிறத ஏன் வெட்டினீங்க?" என்று கேட்டார்.

"சாமி, அவர் சொன்னது சரியா தப்பான்னு இல்லீங்க. பேச்சு கிளம்பிடுச்சு. காலேஜ் பேரு கெட்டுடும்" என்றார் தாளாளர்.

"பேச்சக் கிளப்பினவரு அதோ உக்காந்திருக்காரே. அவரக் கேளுங்களேன்."

அவரைக் கேட்கவில்லை. சாரைப் பார்த்து, "ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்துடுங்க பாஷா. இதோட விட்டுடலாம்" என்றார்கள்.

"நான் சொன்னது தப்புன்னா மன்னிப்பு கேக்கறேன். சொல்லாததுக்கு எப்படிங்க கேக்கறது?" என்றார் சார்.

எங்கள் கல்லூரியில் அன்று வேலை பார்த்த ஆசிரியர்களுக்கு இதைச் சொல்கிறேன். உங்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். பிள்ளைகளுக்குக் கல்லூரியில் இடம் வேண்டும் என்று அவர் வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. அவருக்காக ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நான் ஒவ்வொருவரிடமும் வந்தேன். "குடும்பம் இருக்கு மேடம்" என்றீர்கள். அவருக்கும் இருந்தது. "நீங்க கணக்கப் பாருங்க" என்றார் ஒருவர். கணக்கைப் பார்க்கவும் விடவில்லை என்பதுதான் அடுத்து நடந்தது.

அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதற்குத் துணிச்சல் வேண்டும். வகுப்புகளை எடுத்துக்கொண்டு நூலகத்தில் உட்காரவைத்தார்கள். பின்னாலிருந்த அறையைப் பூட்டினார்கள். உள்ளே கணினியும், அதில் ஏறக்குறைய முடிந்துவிட்ட எங்கள் வேலையும் இருந்தன. பொருள்களைப் பதிவு செய்ய வேண்டும், முடிந்ததும் திறப்போம் என்றார்கள். மாதங்கள் போயின. திறந்தபோது கணினி இல்லை. பழைய சாமானோடு போட்டுவிட்டதாகச் சொன்னார் முதல்வர். எதில் என்ன இருந்தது என்று அவர் கேட்கவில்லை. தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் சார், என் வீட்டில் உட்கார்ந்து செய்யலாம் என்றேன். கொஞ்ச நாள் வேங்கிக்காலுக்கு வந்தார். பிறகு வருவது குறைந்தது. சர்க்கரையால் பார்வை மங்கிக்கொண்டிருந்தது. எழுதினால் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, துருவ ஒளியின் ஊடே பறந்த செயற்கைக்கோள்களின் அளவீடுகளை வைத்து ஆய்வுகள் வரத் தொடங்கின. அலைகளே எலக்ட்ரான்களைத் தள்ளுவது அவற்றில் தெளிவாகத் தெரிந்தது. எல்லா ஒளியும் அப்படி இல்லை, ஒரு பகுதி. ஒரு பகுதி என்றுதான் சாரும் சொல்லிக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து அப்படி ஒரு கட்டுரையின் நகல் எடுத்து வந்து நூலகத்தில் அவருக்குப் படித்துக்காட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த இடத்த மறுபடி படிங்க" என்று இரண்டு மூன்று முறை கேட்டார். கடைசியில், "சரியா வந்திருக்கு மேடம். நம்மளவிட நல்லா பண்ணியிருக்காங்க" என்றார்.

"நம்ம வேலை சார் இது" என்றேன்.

"வேலை அதோட வேலையப் பாத்துச்சு. நீங்க ஏன் கத்தறீங்க, இது லைப்ரரி."

அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை. வெளியே போய் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டேன். அந்த ஆராய்ச்சியாளர்கள் எதையும் திருடவில்லை. அவர்கள் அவர்கள் அறையில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். எங்கள் அறை பூட்டியிருந்தது. இதில் யார்மேல் வழக்குப் போடுவது? திருட்டு என்றாலாவது ஒரு திருடன் இருப்பான்.

இப்போது அதே கல்லூரி, அதே ஆட்கள், அவர் படத்துக்குக் கீழே அதே பொய்யை மறுபடி அச்சடித்திருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது மறுத்தார். இப்போது மறுக்க மாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். மாலை போட்ட கையோடு, சார் பெயரில் ஒரு தியானக் கூடம் கட்டப்போவதாகப் பயிலகத்துக்காரர் அறிவித்தார். கைதட்டினார்கள். மேடைக்கு எதிரே, மூன்றாவது வரிசையில், நூர் அக்கா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. கணேச குருக்கள்தான் எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்று, "வாம்மா போலாம்" என்றார். இரண்டு பேரும் நடுவழியாக நடந்து வெளியே போனார்கள். நான் பின்னாலேயே போனேன். அன்றைய கூட்டத்தில் ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான்.

சார் போவதற்குச் சில வாரங்களுக்கு முன் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முழுக்கப் பார்வை போயிருந்தது. நூர் அக்கா ஆரஞ்சுச் சுளையை உரித்து உரித்து அவர் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கல்லூரிச் செய்திகளைக் கேட்டார். யார் ஓய்வு பெற்றார்கள், புதிதாக வந்தவர் நன்றாக நடத்துகிறாரா என்று விசாரித்தார். எனக்கு ஒரு கேள்வி ரொம்ப நாளாக உள்ளே இருந்தது. அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"அவங்கள எல்லாம் மன்னிச்சிட்டீங்களா சார்?"

அவர் சுளையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். நான் எதிர்பார்த்தது ஒரு பெருந்தன்மையான பதில். அவரைப்போன்ற மனிதர்களிடம் எல்லோரும் அதைத்தான் எதிர்பார்க்கிறோம். அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம்.

"மன்னிக்கறதா?" என்றார். "யாரும் வந்து கேக்கவே இல்லியே மேடம். கேக்காம எப்படிக் குடுக்கறது?"

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு படி விட்டுப்போயிருக்கிறது என்று சுட்டிக்காட்டுவதுபோலச் சொன்னார். பிறகு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, புளிக்குது என்று நூர் அக்காவிடம் சொன்னார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். சாந்தமாக இருக்கச் சொல்லி இந்த நாட்களில் என்னிடம் பலர் பேசுகிறார்கள். போனவரை நிம்மதியாகப் போகவிடுங்கள் என்கிறார்கள். பேனரை மேடையிலிருந்து கழற்றிக் கல்லூரி வாசலில் கட்டியிருக்கிறார்கள். அந்த வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். இதுவரை யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை.